வளர்ந்த ஆம்பிளைக்கு எதற்குக் குதிரைக்குட்டிக் கார்ட்டூன்? – திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சிறுமிகளுக்கென்று எடுக்கப்பட்ட கார்ட்டூன்களை விரும்பிப் பார்ப்பவன். அதை யாரிடமும் மறைப்பதில்லை. அதனால் வாடிக்கையாளர்கள், சொந்தக்காரர், கூடப் படித்தவர்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள், சிலர் உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். கவலையோடு கேட்பவர்களை நினைத்தே இதை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, நீங்க பார்க்கிற அந்தக் குதிரைக் கார்ட்டூன் என்னது?

‘மை லிட்டில் போனி: பிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’. 2010 ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவில் ஹப் என்ற சிறுவர் தொலைக்காட்சியில் தொடங்கி, 2019 ஒக்டோபர் 12ஆம் திகதி முடிந்தது. மொத்தம் 9 சீசன், 222 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நிமிடம். தயாரித்தது கனடாவின் வன்கூவர் நகரத்து ஸ்டூடியோ ஒன்று.

கதை இதுதான். டுவைலைட் ஸ்பார்க்கிள் என்று ஒரு படிப்பாளிக் குதிரைக்குட்டி. எந்நேரமும் புத்தகம்தான், நண்பர்கள் கிடையாது. அவளுடைய ஆசிரியையான இளவரசி செலஸ்டியா அவளைப் போனிவில் என்ற சிற்றூருக்கு அனுப்புகிறார். அங்கே தோட்டக்காரி அப்பிள்ஜாக், தையற்காரி ரேரிட்டி, கூச்சம் நிறைந்த ஃபிளட்டர்ஷை, வேகக்காரி ரெயின்போ டாஷ், ஓயாமல் சிரிக்கும் பிங்கி பை ஆகியோர் அவளுக்குச் சினேகிதிகள் ஆகிறார்கள். மற்றவர்களோடு பழகத் தெரியாத ஒருத்தி பழகக் கற்றுக்கொள்வதுதான் ஒன்பது சீசனுக்கும் அடிநாதம்.

அது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எடுத்தது தானே?

ஆம். அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் கம்பனி, பிடரிமயிரைச் சீவிக் கட்டி விளையாடும் சின்னக் குதிரைப் பொம்மைகளைச் சிறுமிகளுக்காக விற்கத் தொடங்கியது. பொம்மை விற்கவே அப்போது கார்ட்டூனும் வந்தது. 2010இல் வந்ததும் அந்தப் பொம்மைகளுக்கான கார்ட்டூன்தான்.

ஆனால் அதை உருவாக்கியவர் லோரன் ஃபோஸ்ட் என்ற பெண் கலைஞர். சிறுவயதில் அதே பொம்மைகளை வைத்து விளையாடியவர். தான் அந்தக் குதிரைகளுக்குக் கட்டிய வீரக் கதைகளுக்கும் டிவியில் காட்டிய சப்பைக் கதைகளுக்கும் சம்பந்தமே இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. பெண்பிள்ளையாக இருக்க ஒரு வழி மட்டும் இல்லை, படிப்பாளியாகவும் இருக்கலாம், உடுப்பில் ஆசைப்படலாம், ஓட்டப்பந்தய வெறியோடும் திரியலாம் என்று காட்ட அவர் நினைத்தார். சிறுமிகளுக்கான படம் என்றால் அரைகுறையாகச் செய்தால் போதும் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் பார்க்கத் தொடங்கியதற்கு அந்த அக்கறையே காரணம்.

அப்ப வளர்ந்த ஆம்பிளைகள் எப்படி இதுக்குள்ள வந்தாங்க?

தற்செயலாக. 2010இன் கடைசி மாதங்களில் இணையத்தில் கார்ட்டூன் பற்றி வாதிடும் இளைஞர்கள், ‘பொம்மை விற்கிற படங்களால் நல்ல கார்ட்டூன் அழியப் போகிறது’ என்ற ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அப்படி என்ன மோசம் என்று பார்க்கப் போனார்கள். பார்த்தவர்களில் பலர் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் சகோதரனை அழைக்கும் பேச்சுச் சொல்லையும் போனியையும் ஒட்டி அவர்களுக்குப் ‘பிரோனி’ என்று பெயர் வந்தது.

2011இல் நியூயோர்க்கில் சிறிதாகத் தொடங்கிய பிரோனிகொன் என்ற மாநாடு பின்னாளில் பால்டிமோர் நகரத்துக்குப் போனது. அங்கே 2019இல் நடந்த கடைசி மாநாட்டுக்கு 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். மாணவர்கள், கணினி வேலை செய்பவர்கள், படைவீரர்கள், லொறி ஓட்டுநர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் நடித்த ஜோன் டி லான்சி இந்தக் கார்ட்டூனில் ஒரு வில்லனுக்குக் குரல் கொடுத்தார். அதன்பின் ஆண் ரசிகர்களிடமிருந்து வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து வியந்து, அவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் உருவாகவும் துணைநின்றார்.

குதிரை மட்டும் தானா, வேறயும் இருக்கா?

இருக்கிறது, அதுவும் இதைவிடப் பழையது. யப்பானில் நவோகோ தகேயுச்சி சிறுமிகளுக்கான ஒரு சித்திரக்கதை இதழில் வரைந்த ‘சேலர் மூன்’ 1992இல் கார்ட்டூனாகி 200 அத்தியாயங்கள் ஓடியது. அதற்கு அன்றே வளர்ந்த ஆண் ரசிகர்கள் ஏராளம். 2004 பெப்ரவரியில் தொடங்கிய ‘பிரிக்யூர்’ இன்றும் அங்கே டிவியில் ஞாயிறு காலை எட்டரைக்கு வருகிறது. அதன் முதல் இயக்குநர் டைசுகே நிஷியோ, பெடியன்களுக்கான சண்டைக் கார்ட்டூன் ‘டிராகன் பால் ஸீ’ எடுத்தவர். சிறுமிகளுக்கும் துள்ளி அடித்துச் சண்டை போட ஆசை இருக்கும் என்று நம்பி அந்தப் படத்தைத் தொடங்கினார்கள்.

பிரிக்யூர் திரைப்படங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பல படங்களுக்குத் தியேட்டர் வாசலில் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விளக்கு கொடுத்தார்கள். கதாநாயகி தோற்கப் போகிற நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் அதை அசைத்தால் அவளுக்குப் பலம் வரும். வளர்ந்தவர்கள் டிக்கெட்டுக்கு முழுக் காசு கொடுத்தாலும் விளக்கு கிடையாது. நீ வரலாம், பார்க்கலாம், அழலாம். ஆனால் அவளைக் காப்பாற்றுகிற வேலை பிள்ளைகளுடையது. கீழே சில பதில்களில் இந்த விளக்கைத் திரும்ப நினைவூட்டுவேன்.

மச்சான், உண்மையாச் சொல்லு, அதில அப்படி என்னதான் இருக்கு?

ஓர் அத்தியாயத்தை எடுத்துச் சொல்கிறேன். 2011 ஒக்டோபரில் வந்த ‘லெசன் ஸீரோ’. டுவைலைட் வாரத்துக்கு ஒரு கடிதம் தன் ஆசிரியைக்கு எழுத வேண்டும், அந்த வாரம் நட்பைப் பற்றி என்ன கற்றாள் என்று. ஒரு வாரம் எழுத ஒன்றுமே நடக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கடிதம் போகாவிட்டால் தன்னைத் திரும்பப் பாலர் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று அவளே கற்பனை செய்துகொள்கிறாள். ஆசிரியை அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

சினேகிதிகளிடம் ஓடுகிறாள். அவர்கள் சிரித்துவிட்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளுடைய முகத்தைப் பாருங்கள். வாரிவிட்ட பிடரியிலிருந்து ஒரு மயிர் துள்ளி எழும்புகிறது, பிறகு இன்னொன்று. ஒரு கண் சுருங்கி மறு கண் விரிகிறது. சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பிரச்சினை இல்லாவிட்டால் நானே ஒன்றை உண்டாக்குகிறேன் என்று, தன் சிறுவயதுத் துணிப்பொம்மைக்கு மந்திரம் போடுகிறாள். பார்க்கிற எல்லாருக்கும் அதன் மேல் ஆசை வரும்படியான மந்திரம். முழு ஊரும் அந்தக் கிழிந்த பொம்மைக்காக அடிபடுகிறது. கடைசியில் ஆசிரியையே வந்து மந்திரத்தை எடுக்கிறார். தண்டனை எதுவும் இல்லை. உனக்கு அற்பமாகத் தெரிந்தாலும் சினேகிதியின் பயத்தை அற்பம் என்று தள்ளாதே என்று அன்று கற்றுக்கொள்வது மற்ற ஐந்து பேரும்தான்.

உயர்தரப் பரீட்சை வருடத்தில் பிள்ளை இருக்கிற வீடு எதுவானாலும் இந்த முகம் தெரியும். விடிய மூன்று மணிக்கு எழும்பி, எழுதிய குறிப்பையே திரும்ப எழுதி, ‘உனக்கென்ன, நீ கெட்டிக்காரன் தானே’ என்று எல்லாரும் சொல்லக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் வெடித்த பிள்ளைகளோடு நான் படித்தேன். அந்தப் பயத்தை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய பெரியவர்களுக்கான படங்கள் நான் பார்த்ததில் மிகக் குறைவு.

எங்கயிருந்து தொடங்கிறது? தமிழில வருதா?

முதல் சீசனின் முதல் இரண்டு அத்தியாயங்களும் சேர்ந்து ஒரு கதை, அதிலிருந்து தொடங்குங்கள். பொறுமை இல்லை என்றால் ‘சூட்டட் ஃபோர் சக்சஸ்’ பாருங்கள். ரேரிட்டி சினேகிதிகளுக்கு அழகாக உடுப்புத் தைக்கிறாள். ஆளுக்கொரு திருத்தம் சொல்லிச் சொல்லி அந்த உடுப்புகளைக் கெடுக்கிறார்கள். டவுனில் தையற்கடை வைத்திருக்கும் என் சினேகிதன் அதைப் பார்த்துவிட்டு, இது தன் கடையில் தினமும் நடக்கிறது என்றான். இன்று அவன்தான் எங்களில் தீவிரமான ரசிகன்.

நாங்கள் பார்ப்பது ஆங்கிலத்தில்தான். கடினமான ஆங்கிலம் இல்லை. சிங்களத்தில் கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பதற்கு ஒரு பெரிய மரபே இருந்தது. இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த செய்த ‘தொஸ்தர ஹொந்த ஹித’ கார்ட்டூன் என்றால் நாற்பது ஐம்பது வயதுச் சிங்கள நண்பர்களின் முகம் இன்றைக்கும் மலரும். தமிழில் எங்களுக்கு அப்படி ஒன்று இங்கே வாய்க்கவில்லை. 2007இல் இந்தியாவில் சுட்டி டிவி வந்த பிறகு, டிஷ் இருந்த வீடுகளில் டோராவைத் தமிழில் பார்த்தோம். அந்த வீட்டு முற்றத்தில் கூடியிருந்த பெடியன்களில் ஒருவன்கூட அது பொம்பிளைப் பிள்ளையின் கதை என்று எழும்பிப் போகவில்லை.

மீசை முளைச்ச ஆம்பிளை, சின்னப் பொம்பிளைப் பிள்ளைகளின்ர கதையைப் பார்க்க வெட்கமா இல்லையா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர் கோயில் காரியங்களில் முன்நிற்பவர். அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மார்கழியில் விடிவதற்கு முன் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு வருகிறோம். பாடியவர் மாணிக்கவாசகர், ஓர் அமைச்சர். பாட்டில் பேசுவது யார்? நீராடப் போவதற்குத் தோழியின் வாசலில் நின்று, இன்னும் தூக்கமா என்று கேலி செய்து எழுப்புகிற சின்னப் பெண்கள். அதே திருவாசகத்தில் அம்மானை இருக்கிறது, பொன்னூசல் இருக்கிறது, பூவல்லி இருக்கிறது. எல்லாம் பெண்பிள்ளைகளின் விளையாட்டும் பாட்டும். குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியபோது, பின்னாளில் துறவியான அவர், ஒரு சிறுமி அம்மானை ஆடுவதையும் ஊஞ்சல் ஆடுவதையும் கண்ணெதிரே பார்ப்பது போலப் பாடினார். பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களே அவைதான்.

தெய்வத்தைப் பாடுவதையும் கார்ட்டூன் பார்ப்பதையும் நான் ஒன்றாக்கவில்லை. அவர்களுடைய நோக்கம் வேறு. ஆனால் சிறுமிகளின் விளையாட்டும் சண்டையும் சினேகிதமும் வளர்ந்த ஆணின் கவனத்துக்குத் தகாதவை என்ற எண்ணம் எங்கள் தமிழில் இருந்ததில்லை. அது பிற்பாடு எங்கேயோ இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘சரி தம்பி, ஆனா சத்தத்தைக் குறைச்சு வைச்சுப் பாருங்கோ’ என்றார். குறைத்துத்தான் வைக்கிறேன்.

இதெல்லாம் பார்த்தா ஆம்பிளைத்தனம் போயிடாதா? நீங்க ‘அந்த மாதிரி’ ஆளோ?

போகாது. ‘அந்த மாதிரி’ என்று நீங்கள் கேட்பது எதுவானாலும், ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதை அவர் பார்க்கும் கார்ட்டூன் முடிவு செய்வதில்லை. ரசிகர்களில் எல்லா வகையானவர்களும் இருக்கிறார்கள், ஊரில் இருப்பது போலவே. அப்படி இருப்பதும் இழிவல்ல.

மேலே சொன்ன துணிப்பொம்மைக் கதையில் ஒரு சின்ன விசயத்தை விட்டுவிட்டேன். ஊரே அடிபட்டு, மந்திரமும் தீர்ந்து, எல்லாரும் கலைந்து போகிறார்கள். பிறகு அப்பிள்ஜாக்கின் அண்ணன் பிக் மக்கின்டோஷ் திரும்பி வருகிறான். ஊரிலேயே பலசாலி, வண்டி இழுப்பவன், அதிகம் கதைக்காத சிவப்புக் குதிரை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பொம்மையைக் கவ்விக்கொண்டு ஓடுகிறான். இப்போது அவன் மேல் மந்திரம் இல்லை. அவனுக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏதும் மனநோயோ? டொக்டரிட்ட காட்டினா நல்லது எண்டு சொல்றாங்க.

ஒரு கார்ட்டூனை விரும்புவது நோய் அல்ல. பட்ரிக் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த ரசிகர்களைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். அவர்களிடம் பதில் சொன்னவர்களில் பெரும்பாலானோர் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் இருந்த ஆண்கள்.

உங்கள் மகனோ தம்பியோ சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தால் அது கவனிக்க வேண்டிய விசயம். அப்போது அவன் கிரிக்கெட் பார்த்தாலும் அதே கவலைதான் படவேண்டும். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் படத்தைக் குற்றம் சொல்லித் தொடங்காதீர்கள். அவனுக்கு அந்த நேரத்தில் பிடியாக இருப்பதே அதுவாக இருக்கலாம்.

இஞ்ச உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறாங்களா?

நாலைந்து பேர் இருக்கிறோம். தையற்கடைக்காரன், சீனக்குடாப் பக்கம் வேலை செய்யும் ஒருவர், கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ஆசிரியர், அவரோடு படித்த ஒரு சிங்கள நண்பர். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் உப்புவெளியில் ஒருவருடைய வீட்டில் கூடுவோம். ஓர் அத்தியாயம் பார்ப்போம், அதைப் பற்றிக் கதைப்போம். தேத்தண்ணி, கடலை, பிறகு கடற்கரை. கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியில் படுத்திருக்கிற ஊர் இது. மிருகங்கள் மனிதரைப் போலப் பேசுகிற கதை இங்கே யாருக்கும் அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கலியாணம் பேசேக்க பொம்பிளை வீட்டாருக்கு இதைச் சொல்லோணுமா?

பொம்பிளை வீட்டாருக்குச் சொல்வதைவிட, பொம்பிளைக்குச் சொல்லுங்கள். கட்டிய பிறகு அலுமாரிக்குள்ளிருந்து அவர் கண்டுபிடித்தால், படத்தைவிட ஒளித்ததுதான் பெரிதாகத் தெரியும். முதல் கதையிலேயே முழு வரலாறும் வேண்டாம். என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால், உள்ளதைச் சொல்லி, ஏன் பிடிக்கும் என்பதற்கு ஒரு கதையைச் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் அந்த ரேரிட்டி கதையைச் சொன்னார். அவருடைய மனைவி இப்போது எங்களோடு உட்கார்ந்து பார்க்கிறார்.

பொம்மை வாங்கும் செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். அசல் பொம்மைகள் இறக்குமதி, விலை கூட. குடும்பக் காசில் வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

எங்கட எட்டு வயசு மகன் இதைத்தான் பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில கேலி பண்ணுறாங்க. நிப்பாட்டவா?

வேண்டாம். 2014இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் ரெயின்போ டாஷ் உருவம் போட்ட பையைக் கொண்டுபோனதற்காகப் பள்ளியில் அடியும் ஏச்சும் வாங்கினான். அடித்தவர்களைத் திருத்துவதற்கு முன், பையை வீட்டில் வைத்துவிட்டு வா என்று அவனுக்குச் சொன்னார்கள். ஊர் உலகம் எல்லாம் அதைக் கண்டித்த பிறகு பள்ளி அந்த முடிவை மாற்றியது. கேலிக்கு ஆளான பிள்ளையிடமே அவனுடைய பொருளைப் பறித்தால், அவர்கள் சொன்னது சரி என்று நாங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

வகுப்பாசிரியரிடம் போய்க் கதையுங்கள். மகனிடம், யாரிடம் சொல்வது, எங்கே நிற்பது என்று நடைமுறையாகச் சொல்லிக்கொடுங்கள். பையைக் கொண்டுபோவதா, வீட்டோடு வைப்பதா என்பதை அவனே தீர்மானிக்கட்டும். முடிந்தால் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் பாருங்கள். அப்பாவும் பார்த்தார் என்பது அந்த வயதில் பெரிய கவசம்.

எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளின்ர படத்தைச் சுத்தி வளர்ந்த ஆம்பிளைகள் நிக்கிறது எனக்குப் பயமா இருக்கு தம்பி.

அக்கா, நீங்கள் பயப்படுவது சரி. அந்தப் பயத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். எங்களில் யாராவது இதைக் கேட்டுக் கோபப்பட்டால், அவருக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று அர்த்தம். ஒருவருக்குக் குதிரைக்குட்டிக் கார்ட்டூன் பிடிக்கும் என்பதை வைத்து அவர் நல்லவர் என்றும் எடுக்காதீர்கள், கெட்டவர் என்றும் எடுக்காதீர்கள். நடத்தையைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்கள், மாமா சித்தப்பா என்று அழைக்கப்படுகிறவர்கள்.

பார்க்க வேண்டியவை இவை. பெற்றார் இல்லாமல் பிள்ளையோடு தனியே மெசேஜில் கதைப்பவர், பிள்ளைக்கு நேரடியாகப் பரிசு அனுப்புகிறவர், படம் அனுப்பு என்று கேட்பவர், அம்மாவுக்குச் சொல்லாதே என்று ஒரு தடவை சொன்னாலும் சொன்னவர். அவர் எந்தக் கார்ட்டூனின் ரசிகராக இருந்தாலும் உடனே தூரத்தில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். ஆதாரம் சேர்ந்த பிறகு எடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் சில ஒழுங்குகள் உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. யாராவது பிள்ளையோடு வந்தால் தாயோ தகப்பனோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். பிள்ளைகள் யாரோடும் போனில் தொடர்பு வைப்பதில்லை. பிரிக்யூர் விளக்கைப் பற்றி மேலே சொன்னதன் பொருள் எனக்கு இதுதான். எங்களுக்கு அந்தப் படத்தில் இடம் உண்டு, ஆனால் அது பிள்ளைகளுக்குப் பின்வரிசையில்.

ரசிகர்கள் அந்தக் குதிரைகளை அசிங்கமாவும் வரையிறாங்களாமே?

உண்மை. சிலர் வரைகிறார்கள். அப்படி இல்லை என்று சாதிக்கிற ரசிகர்களை நான் நம்புவதில்லை. ஆறு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த பாத்திரத்தின் பெயரைத் தேடினால் அந்தப் படங்கள் எதிர்ப்படக் கூடும் என்பதுதான் இதில் பெரிய பாதகம். வளர்ந்தவர்கள் தங்களுக்குள் என்ன வரைகிறார்கள் என்ற வாதத்தைவிட, பிள்ளையின் கண்ணில் எது படுகிறது என்பது எனக்கு முக்கியம்.

கடைக்கு வரும் தாய்மாருக்கு நான் செய்துகொடுப்பது இதுதான். பிள்ளை பாவிக்கும் போனில் யூடியூப்புக்குப் பதிலாக யூடியூப் கிட்ஸ் போட்டு, அதில் தேடும் வசதியை நிறுத்தி, கூகுளில் பாதுகாப்பான தேடலைப் போட்டுவிடுவேன். சில நிமிட வேலை, காசு வாங்குவதில்லை. இருந்தாலும் இது முழுக் காவல் ஆகாது. பிள்ளை பார்க்கும்போது ஒரு வளர்ந்தவரின் கண் அந்தப் பக்கம் இருக்கவேண்டும்.

அதே ரசிகர்களில் வேறு சிலர், தாங்களே பாட்டு எழுதி இசைத்தொகுப்பாக வெளியிட்டு, கிடைத்த பணத்தைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான அமைப்புக்குக் கொடுத்தார்கள். அது இதற்கு ஈடு என்று சொல்ல வரவில்லை. இரண்டுமே நடந்தன.

பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் எண்டு சொல்றீங்க. ஆனா பெரியாக்கள் கேட்டுக் கேட்டுப் படத்தையே மாத்தினாங்க தானே?

இது எங்களுக்குள்ளேயே இன்னும் தீராத வாதம். முதல் அத்தியாயத்தில், கூட்டத்தின் பின்னால் நின்ற சாம்பல் நிறக் குதிரை ஒன்றுக்கு, வரைந்தவரின் தவறால் கண்கள் இரண்டும் வெவ்வேறு திசையில் போயிருந்தன. ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்து, ‘டெர்ப்பி’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். எடுத்தவர்களும் அதை ரசித்து, வேண்டுமென்றே அந்தக் கண்களோடு அவளை ஆங்காங்கே வைக்கத் தொடங்கினார்கள். 2012 ஜனவரி 21ஆம் திகதி வந்த அத்தியாயத்தில் அவளுக்கு அந்தப் பெயரும் குரலும் கிடைத்தன. தடுமாறி விழுந்து, போகிற இடமெல்லாம் உடைக்கிறவளாகக் காட்டினார்கள்.

சில பெற்றோர் எதிர்த்தார்கள். அந்தப் பெயர் ஆங்கிலப் பேச்சில் மந்தமானவர்களைக் கேலி செய்யும் சொல். கண்ணில் குறையுள்ள, கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது போல் இருக்கிறது என்றார்கள். பிறகு இணையத்தில் விற்ற பதிப்பில் பெயரை எடுத்து, குரலை மாற்றினார்கள். ரசிகர்கள் பலர் கொதித்துப் போனார்கள், எங்கள் டெர்ப்பியைப் பறித்துவிட்டார்கள் என்று. உப்புவெளி வீட்டில் இதைப் பற்றிக் கதைத்தபோது இரண்டு பேர் ரசிகர்கள் பக்கம் நின்றார்கள். அவளை அன்போடுதான் கொண்டாடினோம், கேலிக்கல்ல என்பது அவர்கள் நியாயம். அந்த அன்பு உண்மையானது என்று எனக்கும் தெரியும்.

ஆனாலும் நான் பெற்றோர் பக்கம்தான். அவளை வைத்திருக்கலாம், கண்ணையும் அப்படியே விடலாம், பெயரை மாற்றியது சரி. டிவியின் முன்னால் அதே மாதிரிக் கண்ணோடு ஒரு ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும். மறுநாள் வகுப்பில் அந்தப் பெயர் அவள் மேல் ஒட்டும். எங்களுக்கு அதில் போவது ஒரு பகிடி மட்டும்தான். 2015இல் நூறாவது அத்தியாயத்தில் பின்னணிக் குதிரைகளுக்கென்றே ஒரு முழுக் கதை கொடுத்தார்கள். சாம்பல் குதிரையும் அதில் வருகிறாள், கண்கள் அதே மாதிரிதான், அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. கிண்ணியா ஆசிரியர் இன்னும் என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த போயாவுக்கு அந்த அத்தியாயத்தைத்தான் போடுவதாக இருக்கிறோம்.